ஜெர்மனியில் 'ஓ-பேர்' வேலை என்று பணம் வாங்குவோர் குறித்து ஓர் எச்சரிக்கை

"ஜெர்மனியில் குழந்தை பார்க்கும் வேலை, தங்குமிடம் இலவசம், மாதம் ஒன்றரை லட்சம் சம்பளம்" என்று தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வாட்ஸ்அப் வழியாகச் சுற்றிவரும் 'ஓ-பேர்' வேலை விளம்பரத்தைப் பார்த்து, கிருஷ்ணகிரியில் இயங்கும் ஓர் ஏஜென்சியிடம் என் தங்கை ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் கட்டினாள். பெங்களூரில் தேர்வெழுதி, ஜெர்மன் மொழியின் தொடக்க நிலையான ஏ1 சான்றிதழும் பெற்றிருந்தாள். அந்தப் படிப்புதான் அவளைக் காப்பாற்றியது. ஏனெனில், ஜெர்மன் மொழியில் இருந்த ஒப்பந்தத்தை அவளே படித்துவிட்டாள்.

இரண்டாம் பக்கத்தில், வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்றும், படுக்கையில் இருக்கும் தாத்தாவைக் குளிப்பாட்டி உடை மாற்ற வேண்டும் என்றும் எழுதியிருந்தது. குழந்தையைப் பற்றி ஒரே ஒரு வரி.

ஓ-பேர் என்பவர் சம்பளத்துக்கு வைக்கப்படும் வேலையாள் அல்லர்; ஒரு குடும்பத்தோடு தங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது, எளிய உணவு சமைப்பது, சிறு வீட்டு வேலைகளில் கைகொடுப்பது என உதவியபடியே மொழியையும் கற்றுக்கொள்பவர். ஜெர்மனியில் இதற்கு 18 வயது நிறைந்து 27 ஆகாதவராக இருக்க வேண்டும். வேலை நாளொன்றுக்கு 6 மணி நேரத்தையும் வாரத்துக்கு 30 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது. முதியோர், நோயாளிகளைப் பராமரிப்பது இதில் சேராது. தனி அறை, சாப்பாடு, காப்பீடு ஆகியவை குடும்பத்தின் பொறுப்பு. கைச்செலவுக்குத் தருவது மாதம் 280 யூரோ, அதாவது முப்பதாயிரம் ரூபாயை ஒட்டிய தொகை. ஒன்றரை லட்சம் எங்கிருந்து வந்தது என்பது அந்த ஏஜெண்டுக்கே வெளிச்சம்.

அந்தக் குடும்பத்தோடு வீடியோ காலில் பேச வேண்டும் என்று கேட்டபோது, "விசா வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்மா" என்றே தட்டிக்கழித்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும், ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த 'ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்ற வரியைக் காட்டினார்கள். இத்தனைக்கும் ஜெர்மனியில் இடைத்தரகர் ஓ-பேரிடம் பெறக்கூடிய கட்டணத்துக்கு 150 யூரோதான் உச்சவரம்பு.

மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம், விசாரணை நடக்கிறது. இதே விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டியவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் ஜிபே விவரத்தையும் அழிக்காமல் வைத்திருந்து, தாங்களும் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.