மணல் ஃபில்டரில் அழுக்குத் தண்ணீர்: புது மணலா, கண்ணாடித் துகளா?

பம்பைப் போட்டதும் நீச்சல் குளத்தின் ரிட்டர்ன் வாயிலிருந்து (வடிகட்டிய தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் துளை) கலங்கலாக வந்தால் "மணலை மாத்திடலாம் சார்" என்பதுதான் வழக்கமான பதில். இப்போது "மணலே வேண்டாம், கண்ணாடி போட்டுடலாம்" என்பதும் சேர்ந்திருக்கிறது. சென்னை மாதிரி போர்வெல்லையும் டேங்கர் லாரியையும் நம்பி ஓடும் குளங்களுக்கு என் ஓட்டு சாதாரண சிலிகா மணலுக்கே.

முதலில், இரண்டாலும் தீராத கோளாறுகளைத் தள்ளிவிடலாம். பேக்வாஷ் (தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி மணலைக் கழுவுவது) முடிந்ததும் அரை நிமிடம் மட்டும் கலங்கல் வந்தால் ரின்ஸ் (மிச்ச அழுக்கை வேஸ்ட் குழாயில் வெளியேற்றுவது) விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். எப்போதும் வந்தால், ரிட்டர்ன் வாயில் ஒரு பழைய வெள்ளை சாக்ஸைக் கட்டி அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அதில் மணல் குருணை சேர்ந்திருந்தால் டேங்கின் அடியில் உள்ள லேட்டரல் (மணலை நிறுத்தித் தண்ணீரை மட்டும் உள்ளே விடும் கீறல் குழாய்) ஏதோ ஒன்று உடைந்திருக்கும். குருணை இல்லாமல் மாவு மாதிரி அழுக்கு மட்டும் இருந்தால் மல்டிபோர்ட் வால்வை (ஃபில்டர், பேக்வாஷ், ரின்ஸ் என்று தண்ணீரின் பாதையை மாற்றும் கைப்பிடி வால்வு) பாருங்கள். கைப்பிடி ஃபில்டர் நிலையில் இருக்கும்போதே வேஸ்ட் குழாயில் தண்ணீர் கசிந்தால், உள்ளே பாதைகளைப் பிரிக்கும் ரப்பர் வளையமான ஸ்பைடர் கேஸ்கெட் கிழிந்திருக்கிறது அல்லது பள்ளத்தை விட்டு எழும்பியிருக்கிறது. பம்ப் ஓடும்போதே கைப்பிடியைத் திருப்பினால் அப்படித்தான் ஆகும். கேஸ்கெட்டை மாற்றாமல் தங்கத் துகளைக் கொட்டினாலும் வடிகட்டாத தண்ணீர் நேராகக் குளத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் மணலின் மேல் சந்தேகப்பட வேண்டும். டேங்கைத் திறந்து, மேல் மணலைக் கொஞ்சம் விலக்கி, ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி எடுங்கள். நல்ல மணல் ரவை மாதிரி உதிரும். கெட்டது கட்டி கட்டியாக வரும். அந்தக் கட்டிகளுக்கு நடுவே தண்ணீர் தனக்கென்று ஒரு துளை போட்டுக்கொண்டு, வடிகட்டப்படாமலே கீழே இறங்குகிறது. அதனால் பிரஷர் கேஜ் ஏறாது. எல்லாம் நன்றாக இருப்பது போலவே தோன்றும்.

ஒரு கட்டியைக் கிண்ணத்தில் போட்டு அதன் மேல் வினிகரை ஊற்றுங்கள். மணலா, கண்ணாடியா என்பதைத் தீர்மானிப்பது இந்தக் கிண்ணம்தான். குமிழி விட்டு நுரைத்தால் அது சுண்ணாம்புப் படிவு. தண்ணீர் ஆவியானாலும் கால்சியம் குளத்திலேயே தங்கிவிடுகிறது. குறைந்த அளவை மறுபடியும் கடினத் தண்ணீரால் நிரப்பும்போது அது இன்னும் ஏறுகிறது. குளோரின் மருந்தாகக் கால்சியம் ஹைப்போகுளோரைட் போடும் குளமென்றால் மருந்தோடும் கொஞ்சம் சேர்கிறது. கடினத்தன்மை 400 பிபிஎம்மைத் தாண்டி, பிஎச் 7.8க்கு மேல் நின்றால் படிவு மணலில் மட்டுமல்ல, கண்ணாடியிலும் பிடிக்கும். "கண்ணாடி பத்து வருஷம் தாங்கும்" என்ற வாக்குறுதி துகள் தேய்வதைப் பற்றியது. இங்கே படுகையைக் கொல்வது தேய்மானம் இல்லை, சுண்ணாம்பு. நாலைந்து வருடத்தில் எப்படியும் அள்ளிக் கொட்ட வேண்டியதற்குப் பல மடங்கு விலை கொடுப்பானேன்?

கட்டி நுரைக்காமல் பிசுபிசுத்தால் கதை வேறு. தலைக்கு வைத்த எண்ணெய், சன்ஸ்கிரீன், அளவுக்கு மீறிப் போட்ட படிகாரம் எல்லாம் அதில் இருக்கும். கண்ணாடியின் பரப்பு வழவழப்பானது, அழுக்கு சுலபமாகக் கழன்றுவிடும் என்கிறார்கள். இந்த இடத்தில் அந்த வாதத்துக்கு வலு உண்டு. மணல் 20 முதல் 40 மைக்ரான் வரை பிடிக்கும். கண்ணாடி அதைவிட நுண்ணியதையும் பிடிக்கும் என்பது தயாரிப்பாளர்கள் சொல்வது. அதை அப்படியே முழுசாக நம்பி வாங்க நான் சொல்லமாட்டேன்.

அடுத்தது பேக்வாஷ் தண்ணீர் மிச்சமாகும் என்ற வாதம். 24 அங்குல ஃபில்டரில் மணிக்கு 14,000 லிட்டர் ஓடுகிறது என்று வைத்தால், மூன்று நிமிட பேக்வாஷும் ஒரு நிமிட ரின்ஸும் சேர்ந்து சுமார் 930 லிட்டர். கண்ணாடியால் அதில் கால்வாசி மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். வாரம் ஒரு முறை பேக்வாஷ் செய்தால், ஒரு 12,000 லிட்டர் லாரி மிச்சமாக ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். தினமும் பேக்வாஷ் செய்யும் ஓட்டல் குளத்துக்கு இந்தக் கணக்கு மாறும். அங்கே கடினத்தன்மையும் கட்டுக்குள் இருந்தால் கண்ணாடியே சரி.

மணல் என்று முடிவானால் 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் வரையுள்ள, கழுவிய சிலிகா மணலைக் கேட்டு வாங்குங்கள். ஆற்று மணலும் எம்-சாண்டும் உதவாது. 24 அங்குல டேங்குக்கு 135 முதல் 150 கிலோ பிடிக்கும். சரியான அளவு டேங்கின் லேபிளில் இருக்கும். பழைய மணலை அள்ளியதும் ஒவ்வொரு லேட்டரலையும் விரலால் தடவி விரிசல் பாருங்கள். நடுக்குழாயின் வாயைப் பாலித்தீன் பையால் கட்டுங்கள், பாதி டேங்க் வரை தண்ணீர் விடுங்கள், பிறகு மணலை மெதுவாகக் கொட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் மூட்டையோடு கவிழ்த்தால் அந்த அடியிலேயே லேட்டரல் உடையும். மூடுவதற்கு முன் பையை மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள். முதல் ஓட்டம் பேக்வாஷில், சைட் கிளாஸில் (வெளியேறும் தண்ணீரைப் பார்க்கும் கண்ணாடிக் குமிழ்) தண்ணீர் தெளியும் வரை. பிறகு ஒரு நிமிடம் ரின்ஸ். அதன் பிறகுதான் ஃபில்டர். அப்போது கேஜ் காட்டும் அழுத்தத்தை டேங்கின் மேலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். அதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறும்போது அடுத்த பேக்வாஷ்.