அரசனை நம்பிய கோல்ட்: ஒரு பைத்தானோடு இருபது ஆண்டுகள்

பழைய ரிவால்வரை வாங்கும் முன், உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு சுத்தியலைக் கட்டைவிரலால் மிக மெதுவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். தோட்டா அறைகள் கொண்ட சிலிண்டர் வலப்புறமாகச் சுழன்று தன் இடத்துக்கு வந்து ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் சுத்தியல் கொண்டியில் மாட்டும் ஒலி கேட்க வேண்டும். சுத்தியல் முந்திக்கொண்டு சிலிண்டர் ஒரு மயிரிழை பின்தங்கினாலும் அந்த ரிவால்வரை வாங்கக் கூடாது என்பார்கள். ஆறு அறைகளுக்கும் இப்படி ஆறு முறை பார்க்க வேண்டும். 2004-இல் நான் வாங்கிய, கோல்ட் நிறுவனத்தின் பைத்தான் ரிவால்வரில் ஐந்து அறைகள் ஒழுங்காகப் பூட்டின, ஆறாவது தயங்கியது. தெரிந்தேதான் வாங்கினேன்.

நான் பிழைக்க வந்த ஊர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள ஹார்ட்ஃபோர்டு. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மென்பொருள் வேலை. அலுவலகத்துக்குப் போகும் நெடுஞ்சாலையை ஒட்டிப் பொன் நட்சத்திரங்கள் பதித்த ஒரு நீலக் குவிமாடம் நிற்கிறது. அதன் உச்சியில் முன்னங்கால்களைத் தூக்கிய குதிரைக்குட்டி. சாமுவேல் கோல்ட்டின் பழைய ஆயுதத் தொழிற்சாலை அது. நாள்தோறும் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆர்வம் வந்தது. பாதுகாப்பு வகுப்பு, கைரேகை, உரிமம் என்று எல்லாம் முடித்து, ஊர்ச் சுடுகளம் ஒன்றில் உறுப்பினராகி, ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து ஆறு அங்குலக் குழல் கொண்ட பழைய பைத்தானை வாங்கினேன்.

அதை முன்பு வைத்திருந்தவருக்குத் திரைப்படங்களில் வருவதுபோல மணிக்கட்டை உதறிச் சிலிண்டரை மூடும் பழக்கம் இருந்திருக்கிறது. எந்த ரிவால்வரையும் கெடுக்க அதைவிடச் சிறந்த வழி கிடையாது. முதலில் கொடுத்த பழுதுபார்க்கும் கடை நான்கு மாதம் வைத்திருந்துவிட்டு, தேய்க்கக் கூடாத இடத்தில் அரத்தைப் போட்டு இன்னும் மோசமாக்கித் திருப்பிக் கொடுத்தது. அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

பிறகு விசாரித்து ஒரு முதியவரின் பட்டறைக்குப் போனேன். பக்கத் தகட்டைக் கழற்றி, சிலிண்டரைத் தள்ளும் சிறு எஃகு விரலை வெளியே எடுத்தார். ஆங்கிலத்திலும் அதற்குக் ‘கை’ என்றுதான் பெயர். அதைப் பட்டடைமேல் வைத்து, பொற்கொல்லர் தட்டுவதுபோல் நான்கைந்து தட்டுத் தட்டினார். உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டது. பொருத்திப் பார்த்தார், மறுபடி எடுத்து மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு, மறுபடி பொருத்தினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆறாவது அறை பூட்டியது. “இந்த வேலையை இதற்கு ஒரு முறைதான் செய்யலாம். அடுத்த முறை புது உறுப்பு வேண்டும். அதைப் பொருத்த ஓர் ஆளும் வேண்டும்” என்றார்.

அதற்குப் பிறகு மாதம் நூறு தோட்டா என்ற கணக்கில் சுட்டிருக்கிறேன், பெரும்பாலும் மென்மையான .38 ஸ்பெஷல் வகைத் தோட்டா; அதைவிட வேகமான .357 மேக்னம் எப்போதாவது. எடை அதிகம், ஆனால் அந்த எடைதான் உதைப்பை விழுங்குகிறது. டிரிக்கர் கடைசிக் கட்டத்தில் இறுகும். பழைய கோல்ட் பொறியமைப்பின் இயல்பு அது; பழகியவர்களுக்கு அதுவே அடையாளம். சுடும் நொடியில் சிலிண்டர் துளியும் ஆடாது. 25 கஜத்தில் என்னைப் போன்ற சாதாரணச் சுடுநரின் தோட்டாக்களும் ஓர் உள்ளங்கைக்குள் விழுகின்றன. நீலப் பூச்சின் ஆழத்தைப் படத்தில் காட்ட முடியாது. கிணற்று நீரில் வானம் தெரிவது போன்ற நீலம் அது.

இப்படி ஒன்றைச் செய்யத் தெரிந்த நிறுவனம் எப்படி மஞ்சள் கடிதாசு கொடுத்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. பட்டறைப் பெரியவரின் பேச்சும், பழைய செய்தித்தாள்களும், நீதிமன்ற அறிக்கைகளும் சேர்ந்து எனக்குத் தந்த பதில் ஒன்றுதான்: அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை. இங்கே அரசன் ராணுவம்; புருஷன் கடைக்கு வரும் வாடிக்கையாளர்.

தொடக்கத்திலிருந்தே அரசனின் கை அங்கே பெரிது. நியூஜெர்சியின் பேட்டர்சனில் சாமுவேல் கோல்ட் நடத்திய முதல் நிறுவனம் 1842-இல் மூடப்பட்டது. அவரைத் தூக்கி நிறுத்தியது மெக்சிகோ போருக்காக 1847-இல் வந்த ஆயிரம் ரிவால்வர்களுக்கான ராணுவ ஆர்டர். ஆனாலும் அந்தக் காலத்துக் கோல்ட், வீட்டுக்காரரையும் விவசாயியையும் மறக்கவில்லை. 1873-இன் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வர் ராணுவத்துக்கென்று பிறந்தது, பொதுமக்களிடம்தான் பெயர் பெற்றது. 1955-இல் வந்த பைத்தான் முழுக்க முழுக்கத் தனிமனிதர்களும் காவலர்களும் காசு கொடுத்து வாங்கிய பொருள்.

1959-இல் ஆர்மலைட் நிறுவனத்திடமிருந்து ஏ.ஆர்-15 என்ற நீள்துப்பாக்கியின் உரிமையைக் கோல்ட் வாங்கியது. வியட்நாம் போரில் அது ராணுவத்தின் எம்-16 ஆயிற்று. ஆயிரக்கணக்கில் ஆர்டர் தரும் ஒரே வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போது, ஒற்றை ரிவால்வருக்காகக் கடையில் நிற்பவன் யார் கண்ணுக்குத் தெரிவான்? ஆனால் அந்த ஒரே வாடிக்கையாளர் கையை விரிக்கத் தொடங்கினார். 1985-இல் ராணுவத்தின் கைத்துப்பாக்கி ஒப்பந்தம் இத்தாலியின் பெரெட்டா நிறுவனத்துக்குப் போனது. 1986 ஜனவரியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நான்கு ஆண்டுகள் நீடித்தது அது. கைப்பக்குவம் தெரிந்தவர்கள் வாசலில் பதாகையோடு நிற்க, உள்ளே புதியவர்கள் துப்பாக்கி செய்தார்கள். 1988-இல் எம்-16 ஒப்பந்தமும் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்துக்குப் போனது. 1990-இல் தொழிற்சங்கமும் முதலீட்டாளர்களும் சேர்ந்து நிறுவனத்தை வாங்கியபோது, கனெக்டிகட் மாநில ஓய்வூதிய நிதியிலிருந்து 2.5 கோடி டாலர் போடப்பட்டது. இரண்டே ஆண்டில், 1992-இல் திவால்.

அந்த நேரத்தில்தான் காவல்துறைகள் ரிவால்வரை விட்டு க்ளாக் போன்ற அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளுக்கு மாறிக்கொண்டிருந்தன. அந்த வகையில் கோல்ட் கொண்டுவந்த ஆல் அமெரிக்கன் 2000 எடுபடவில்லை, 1994-இல் நின்றது. அதே 1994-இல் எம்-16-இன் குட்டை வடிவமான எம்-4-க்கு ராணுவ ஒப்பந்தம் கிடைத்ததும் மறுபடி அரசனின் வாசல். 1999-இல் பைத்தானின் வழக்கமான உற்பத்தி நிறுத்தப்பட்டது. சிறப்புப் பட்டறையில் மட்டும் சில ஆண்டுகள் ஒன்றிரண்டாகச் செய்தார்கள். நான் பழைய பைத்தானைத் தேடி அலைந்ததும், உறுப்புக் கிடைக்காமல் தவித்ததும் இந்த முடிவுக்குப் பின்னால் வந்தவை. 2002 வாக்கில் ராணுவ வியாபாரத்தைக் கோல்ட் டிஃபென்ஸ் என்று தனியே பிரித்துக்கொண்டுபோனார்கள். பொதுமக்கள் பக்கம் பழைய பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நின்றது.

இதில் என்னை மிகவும் வருத்துவது 2008-க்குப் பிந்தைய காலம். அமெரிக்காவில் பொதுமக்கள் துப்பாக்கி வாங்குவது பெருவெள்ளமாகப் பெருகியது. போட்டி நிறுவனமான ரூகர், சட்டைப்பையில் அடங்கும் சிறு துப்பாக்கிகளை விற்றது. ஏ.ஆர்-15-இன் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டதால் எல்லா நிறுவனங்களும் அதைச் செய்தன. அந்தத் துப்பாக்கியின் தாய்வீடான கோல்ட்டோ 2009-இல் 25 கோடி டாலரை 8.75 சதவீத வட்டிக்குக் கடன் பத்திரமாக வாங்கியது. வட்டி மட்டும் ஆண்டுக்கு இரண்டு கோடி டாலருக்கு மேல். 2013-இல் ராணுவத்தின் பெரிய எம்-4 ஆர்டர் எஃப்.என். கைக்குப் போனது. பிரித்த இரண்டு நிறுவனங்களையும் அதே ஆண்டு மறுபடி ஒட்டவைத்தார்கள், காலம் கடந்துவிட்டிருந்தது. 2015 ஜூனில் ஏறக்குறைய 35 கோடி டாலர் கடனோடு மீண்டும் திவால் மனு.

விதி என்று இதைத் தள்ள என் மனம் ஒப்பவில்லை. ஹார்ட்ஃபோர்டிலிருந்து அதே நெடுஞ்சாலையில் வடக்கே 40 கிலோமீட்டர் போனால் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு. இன்னொரு துப்பாக்கி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பழைய ஊர். 2000-இல் துப்பாக்கிக் கட்டுப்பாடுகளை ஏற்றுக் கிளின்டன் அரசோடு செய்த உடன்பாட்டால் வாடிக்கையாளர்கள் கொதித்து அதைப் புறக்கணித்தார்கள். மறு ஆண்டே நிறுவனம் வெறும் 1.5 கோடி டாலருக்குக் கைமாறியது. அவர்கள் வாடிக்கையாளரின் கோபத்தைக் கேட்டார்கள். 2005-இல் புதிய கைத்துப்பாக்கி, 2006-இல் ஏ.ஆர் வகைத் துப்பாக்கி என்று கடைக்கு வருபவர் கேட்டதைச் செய்து எழுந்தார்கள்.

கோல்ட்டும் கடைசியில் திரும்பி வந்தது. 2016-இல் திவாலிலிருந்து மீண்டு, 2017-இல் கோப்ரா என்ற சிறு ரிவால்வர், 2020 ஜனவரியில் துருப்பிடிக்காத எஃகில் புதிய பைத்தான், விலை 1,499 டாலர். 2021-இல் செக் நாட்டின் சி.இசட். குழுமம் 22 கோடி டாலர் ரொக்கமும் பங்குகளும் கொடுத்து நிறுவனத்தையே வாங்கியது. அந்த ஆண்டு நானும் ஒரு புதிய பைத்தானை வாங்கினேன். பழையதைவிட 14 உறுப்புகள் குறைவு; கணினி இயந்திரங்களின் துல்லியத்தை நம்பிச் செய்தது. நான்கு ஆண்டுகள் சுட்டாயிற்று. டிரிக்கர் கடைசிவரை ஒரே சீராக வருகிறது, மேக்னம் தோட்டாவைத் தயங்காமல் போடுகிறேன். புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு இதையே சொல்வேன். அந்தக் கிணற்று நீலம் மட்டும் இதில் இல்லை.

பழையதை மாதம் ஒரு முறை எடுக்கிறேன். ஆறாவது அறை இன்னும் பூட்டுகிறது. பெரியவர் பட்டறையை மூடிய நாளில் இழுப்பறையைத் துழாவி இரண்டு புதிய ‘கை’களை எனக்குக் கொடுத்தார். எண்ணெய்த் தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அவற்றை அரம் போட்டுப் பொருத்தத் தெரிந்த ஒருவரைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.