குதிகாலுக்கு எந்த ஃபிளாப்: பாதக்குழிவா, கெண்டைக்காலா, தொடையா?

குதிகாலில் தோல் போய்விட்டால், ரத்த ஓட்டத்தோடு வேறிடத்திலிருந்து கொண்டுவந்து மூடும் திசுத் துண்டுதான் ஃபிளாப். உள்ளங்கால் தோலுக்கு உடம்பில் ஒரே சொந்தம் உள்ளங்கைதான். தடித்த மேல்தோல், அதன் கீழே நார்ச்சுவர்களுக்குள் அடைபட்ட கொழுப்பு. நடக்கும்போது தோல் எலும்பின் மேல் வழுக்காமல் இருப்பதற்கு அந்தச் சுவர்களே காரணம். வேறு இடத்துத் தோலைக் கொண்டுவந்தால் அது குதிகாலில் சறுக்கும். சறுக்கினால் மறுபடி புண்தான்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது மீடியல் பிளாண்டர் ஃபிளாப், அதாவது பாதக்குழிவின் தோல். பாதக்குழிவில் எடை விழுவதில்லை. அங்கிருந்து எடுத்தால் அதே ரகத் தோல், உணர்வோடு கிடைக்கிறது. உள்கணுக்காலின் பின்னால் போஸ்டீரியர் டிபியல் தமனியை (இந்த ஃபிளாப்புக்கு ரத்தம் தரும் தாய்க்குழாய்) ரத்த ஓட்டத்தை ஒலியாகக் காட்டும் டாப்ளரில் கேட்டு உறுதி செய்யாமல் கத்தியை எடுக்கக் கூடாது. காயத்தில் அது அறுந்திருந்தால் இந்த வழி அடைபட்டது. ஃபிளாப்பின் முன் எல்லைக்கோடு விரல் மூட்டுகளுக்குப் பின்னாலேயே நிற்க வேண்டும். முன்முனையில் வெட்டி, பிளாண்டர் ஃபேஷியாவையும் (உள்ளங்காலின் தடித்த நார்ப்படலம்) சேர்த்தே தூக்க வேண்டும். அந்தப் படலத்தை விட்டுவிட்டு அதன் மேல்தளத்தில் பிரித்தால் தோலுக்கு வரும் நுண்குழல்கள் அறுந்துபோகும். அப்டக்டர் ஹாலூசிஸ், ஃப்ளெக்சர் டிஜிட்டோரம் பிரெவிஸ் என்ற இரு பாதத் தசைகளுக்கும் இடைப்பட்ட பிளவில் தமனி தெரியும். தோலுக்குப் போகும் நரம்பிழைகளை மட்டும் உருப்பெருக்கியில் பிரித்தெடுங்கள். தாய் நரம்பையே எடுத்தால் பெருவிரல் பக்கம் மரத்துப்போகும். எடுத்த இடத்தில் மெல்லிய தோல் ஒட்டு (சொந்த ரத்தக்குழாய் இல்லாத தோல் சீவல்) போதும். குறை ஒன்றுதான்: ஏறத்தாழ 6 செ.மீ.க்கு மேல் அகலமான புண்ணை இது மூடாது.

புண் பெரிதாகிக் குதிகாலின் பின்புறம் ஏறினால் ரிவர்ஸ் சூரல். கெண்டைக்கால் தோலைப் பெரோனியல் தமனியின் கிளைகளை நம்பித் தலைகீழாகத் திருப்புகிறோம். மைக்ரோஸ்கோப் வேண்டாம், பெரிய தமனி எதையும் பலி கொடுப்பதில்லை. சிறிய மருத்துவமனைகளுக்குப் பிடித்துப்போனதற்கு அதுவே காரணம். திருப்பும் புள்ளி வெளிக்கணுக்காலுக்கு மேலே குறைந்தது 5 செ.மீ.; காம்பு (ஃபிளாப்புக்கு ரத்தம் கொண்டுவரும் திசுப்பட்டை) 3 முதல் 4 செ.மீ. அகலம். காம்பைத் தோலடிச் சுரங்கத்தில் திணிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. ஃபிளாப் நீலம் பாரிப்பது பெரும்பாலும் சிரை ரத்தம் வடியாததால். வழியைத் திறந்து போட்டு, காம்பின் மேல் தோல் ஒட்டு வைப்பது பாதுகாப்பு. சர்க்கரை நோயாளி, புகைப்பவர் என்றால் ஓரங்களை வெட்டி, தூக்காமல் ஒன்றிரண்டு வாரம் விட்டுவைத்துப் பிறகு திருப்பலாம். சூரல் நரம்பு போவதால் பாதத்தின் வெளியோரம் மரக்கும். குதிகாலிலும் உணர்வு பெரும்பாலும் இராது. பருமன் செருப்பில் இடிக்கும்.

முழு உள்ளங்காலும் போய்விட்டால் ஃப்ரீ ஃபிளாப்தான்: திசுவை முழுதாக அறுத்தெடுத்து, அதன் ரத்தக்குழாய்களைக் காலின் குழாய்களோடு இணைப்பது. தொடையின் முன்-வெளிப்பக்கத் தோலான ஏ.எல்.டி. எடுத்தால் தொடையின் வெளிப்பக்கத் தோல் நரம்பையும் இணைக்கலாம்; ஆனால் குண்டான தொடை என்றால் குதிகாலில் மெத்தை வைத்த கதை, பின்னர் மெலிதாக்க வேண்டிவரும். முதுகுத் தசையை வைத்து மேலே தோல் ஒட்டு போட்டால் அது சுருங்கி எலும்போடு நன்றாகப் பிடித்துக்கொள்ளும், சறுக்கல் குறைவு. உணர்வுதான் இல்லை. தமனி இணைப்பைக் காயப் பகுதிக்கு வெளியே, நல்ல நாளத்தில் போட வேண்டும். அதற்கு முன்பே ஆஞ்சியோ (ரத்தக்குழாய்ப் படம்) பார்த்துவிடுவது நல்லது.

விரலடிச் சிறு புண்ணுக்கு வி-ஒய் நகர்த்தல் (பக்கத்துத் தோலை V வடிவில் வெட்டி முன்னே நகர்த்தி, Y வடிவில் தைப்பது) போதும். பாதக்குழிவில் மட்டும் தோல் போயிருந்தால் ஃபிளாப்பே வேண்டாம், தோல் ஒட்டு தாங்கும்.

தொழுநோயிலும் நீண்டநாள் சர்க்கரையிலும் பாதம் ஏற்கெனவே மரத்திருக்கும். அங்கே நரம்பைக் காப்பாற்றும் வாதத்துக்கு எடை குறைவு. எந்த ஃபிளாப் ஆனாலும், காலூன்ற அனுமதிக்கும் நாளுக்கு முன்பே எம்.சி.ஆர். (மென்மையான நுண்துளை ரப்பர்) செருப்புக்கு அளவு கொடுத்துவிட வேண்டும்.