ஏடிஎஸ்-பி கிட்டு: டாங்கிள் சூப்பர், கூட வர்ற ஆன்டெனா குப்பை

விமானம் தன்னோட இடம், உயரம், அடையாளத்தை ரேடியோவுல சொல்லிக்கிட்டே போறதுக்குப் பேருதான் ஏடிஎஸ்-பி, அதை வீட்டுலயே புடிக்கிற கிட்டு இது. மண்டபம், வேதாளை, பாம்பன் பக்கம் வீடு, மொட்டை மாடி இருக்கு, மேல போற பிசினஸ் ஜெட் என்ன நம்பர், எந்த நாட்டு ரிஜிஸ்ட்ரேஷன்னு நோண்டுற கிறுக்கும் இருக்குன்னா தாராளமா வாங்கலாம். யூஎஸ்பி டாங்கிள் (கம்ப்யூட்டர்ல சொருகுற குட்டி ரேடியோ ரிசீவர்), மேக்னட் ஆன்டெனா, வயர்னு எல்லாம் ஒரே பொட்டியில வரும். பழைய லேப்டாப் இல்லாட்டி ராஸ்பெர்ரி பைன்னு ஒரு குட்டி கம்ப்யூட்டர் போதும்.

போன்லயே ஆப் இருக்கே, இது எதுக்குன்னு கேப்பீங்க. இண்டிகோ எங்க வருதுன்னு பாக்க ஆப் போதும். பிசினஸ் ஜெட் கதை வேற, ஓனருங்க கேட்டா ரிஜிஸ்ட்ரேஷனை மறைச்சிருவாங்க, அமெரிக்காவுல விமானத்துறையைப் பாத்துக்குற எஃப்ஏஏவே அதுக்குன்னு ஒரு லிஸ்ட் வச்சிருக்கு, அதுல இருக்குற ஜெட் பல ஆப்ல பேரில்லாம போகும் இல்ல சுத்தமா தெரியாது. ஆனா ஜெட்டுல சிக்னல் அனுப்புற கருவி, அதாவது டிரான்ஸ்பாண்டர், 1090 மெகாஹெர்ட்ஸ்ல எந்த பூட்டும் போடாம கத்திக்கிட்டே போகுது, அதை நம்ம டாங்கிளே நேரா புடிக்கும். கூடவே அந்த விமானத்துக்குன்னே குடுத்த ஒரு ஹெக்ஸ் கோடு (நம்பரும் எழுத்தும் கலந்த அடையாளம்) வரும், அதுலதான் மொத்த சுவாரஸ்யமும். 80ல இருந்து 83க்குள்ள ஆரம்பிச்சா விடி-ன்னு ரிஜிஸ்ட்ரேஷன் போடுற நம்ம இந்தியா, ஏ-ல ஆரம்பிச்சா அமெரிக்கா, 4டி2 மால்டா, 500 சான் மரினோ. ஜனத்தொகையில கிட்டத்தட்ட நம்ம கீழக்கரை அளவுதான் அந்த சான் மரினோ, ஆனா அவங்க ரிஜிஸ்ட்ரேஷனான டி7 போட்ட ஜெட் உலகம் பூரா சுத்துது! அமெரிக்கக்காரங்களுக்கு பிஐஏன்னு ஒரு மாத்து கோடும் இருக்கு, அது அவங்க வான்வெளிக்குள்ள மட்டும்தான் செல்லும், கொழும்புக்கு வர்றப்ப ஒரிஜினல் கோடுதான் போட்டாகணும். நமக்கு அது போதும்.

கோடு பாக்குறதுக்கு முன்னாடியே உயரத்தை வச்சு பாதி கண்டுபிடிச்சிரலாம். ஏர்பஸ் 320 எல்லாம் 39,000 அடி சொச்சத்தோட நின்னுரும், 45,000ல ஒண்ணு போகுதுன்னா அனேகமா பிசினஸ் ஜெட்தான், கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 51,000 அடி வரைக்கும் ஏறும். நம்ம பக்கம் ரெண்டு பக்கமும் கடல், மறைக்க மலை கிடையாது, அவ்ளோ உயரத்துல போறது 450 கிலோமீட்டர் தாண்டியும் மாட்டும்.

இப்ப ஆன்டெனா. பொட்டியில வர்றது இழுத்து நீட்டுற டைப்பு, 1090க்கு அளவே இல்ல. ஒரு கம்பியை 6.9 சென்டிமீட்டருக்கு வெட்டி இரும்புத் தட்டு மேல நிறுத்துனாலே இதை விட நல்லா எடுக்குது, அப்புறம் எதுக்குய்யா இதை உள்ள வச்சு விக்கிறீங்க? இணைப்புல போட்டிருக்குற முலாமும் மட்டம், நம்ம உப்புக் காத்துக்கு சீக்கிரமே பச்சை புடிச்சிரும். வெளிய வைக்கிற ஆன்டெனா தனியா வாங்கி, டிஷ் மாட்டுற அண்ணன்கிட்ட நல்ல கேபிள் வாங்கி, ஜாயிண்ட்ல ரப்பர் டேப்பு இறுக்கி சுத்திருங்க. பக்கத்துல செல் டவர் இருந்தா, மத்த சிக்னலைத் தடுக்குற 1090 ஃபில்டர் ஒண்ணு கட்டாயம். கரண்ட் போய்ப் போய் வந்தா ராஸ்பெர்ரி பை-யோட மெமரி கார்டு செத்துரும், அதனால யூபிஎஸ்ல போடுங்க.

விமானம் எங்க போகுதுன்னு காட்டுற ஃப்ளைட்ரேடார்24 சைட்டுக்கு டேட்டா அனுப்புனா அவங்க பிசினஸ் பிளான் ஃப்ரீயா கிடைக்கும், அதுலயே பாதி காசு தேறிரும். ஒண்ணு மட்டும், உச்சிப்புளியில நேவி ஸ்டேஷன் இருக்கு, போட்டோ எடுக்கிறேன்னு அந்தப் பக்கம் லென்ஸைத் திருப்பிறாதீங்க.

டாங்கிளுக்கு 5க்கு 4.5, ஆன்டெனாவுக்கு 1. பொட்டியில ரேஞ்சுன்னு என்ன போட்டிருந்தாலும் சரி, மண்டபத்துல இருந்து பாத்தா மதுரையில எறங்குற விமானம் சுமார் 3,000 அடியிலயும், கொழும்பு ஏர்போர்ட்டான கட்டுநாயக்கால எறங்குறது பத்து பதினோராயிரம் அடியிலயும் பூமி வளைவுக்குப் பின்னாடி போயிரும், அதுக்காக கஸ்டமர் கேருக்கு போன் போட்டு சண்டை புடிக்காதீங்க.