பிராடோவில் இரண்டாவது பேட்டரி: ஏஜிஎம் முதல் லித்தியம் வரை

ஆஸ்திரேலியாவின் உட்பகுதிக்குக் குடும்பத்துடன் வண்டியில் போகிறவர்களுக்கு இரண்டாவது பேட்டரி ஓர் ஆடம்பரப் பொருள் அன்று. எங்கள் டொயோட்டா பிராடோ 150 டீசல் வண்டியில் அதைப் பொருத்தியதற்கு முதன்மையான காரணம் என் தந்தையாரின் இன்சுலின். பயன்படுத்தத் தொடங்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும்; அடிலெய்டுக்கு வடக்கே பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஐஸ் பெட்டியை நம்பி அவரை அழைத்துச் செல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. தொடக்கத்தில் ஏஜிஎம் பேட்டரி (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் ஈய பேட்டரி), பின்னர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என இரண்டையும் ஒரே வண்டியில், ஏறக்குறைய ஒரே வகையான பயணங்களில் சில ஆண்டுகள் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். எந்த பேட்டரி வாங்குவது என்ற கேள்வியைவிட, அதற்கு மின்சாரம் எந்த வழியில், எந்த அளவில் போய்ச் சேருகிறது என்ற கேள்வியே முக்கியமானது என்பதுதான் இந்த அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்டது.

வண்டியோடு வரும் பேட்டரி இன்ஜினைக் கிளப்புவதற்காகச் செய்யப்பட்டது. சில விநாடிகளுக்குப் பல நூறு ஆம்பியர் கொடுத்துவிட்டு, உடனே, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்வதற்கு ஏற்றபடி அதன் தகடுகள் மெல்லியவையாக இருக்கும். அதிலேயே ஃபிரிட்ஜை இரவு முழுவதும் ஓட்டினால் காலையில் வண்டி கிளம்பாமல் போவதோடு, அடிக்கடி அடிமட்டம்வரை இறங்குவதால் பேட்டரியின் ஆயுளும் குறைந்துவிடும். ஆகவே ஃபிரிட்ஜ், விளக்கு, தண்ணீர்ப் பம்பு ஆகியவற்றைத் தனி பேட்டரிக்கு மாற்றி, இன்ஜின் பேட்டரியை எக்காரணம் கொண்டும் அவை தொட முடியாதபடி பிரித்துவிட வேண்டும்.

வாங்குமுன் அன்றாடத் தேவையைக் கணக்கிட்டோம். எங்கள் 50 லிட்டர் ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் ஓடும்போது 4 ஆம்பியர் எடுக்கிறது. கோடையில் அது பாதி நேரம் ஓடுவதாகக் கொண்டால் நாளொன்றுக்கு 48 ஆம்பியர்-மணி ஆகிறது. மற்றவற்றையும் சேர்த்து 60 என்று வைத்துக்கொண்டோம். 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் பேட்டரியில், அதன் ஆயுளைக் கருதிப் பாதிவரை மட்டுமே எடுப்பது நல்லது. எனவே ஓரிடத்தில் இரண்டு இரவுகள் தங்க வேண்டுமானால் சூரிய மின்தகடு இல்லாமல் முடியாது என்பது தாளில் போட்ட கணக்கிலேயே தெரிந்துவிட்டது.

சார்ஜ் செய்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் உயர்ந்ததும் இரண்டு பேட்டரிகளையும் இணைத்து, அது தாழ்ந்ததும் பிரித்துவிடும் ரிலே ஒன்று. விலை குறைவு, அமைப்பும் எளியது. மற்றது, வரும் வோல்டேஜை பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு உயர்த்தித் தரும் டிசி-டிசி சார்ஜர். எங்கள் வண்டியில் அளந்து பார்த்தபோது, காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கையில் 14 வோல்ட்டுக்குச் சற்று மேலே இருந்த ஆல்டர்னேட்டர், சூடேறிய பிறகு 13.3 வோல்ட் அளவில்தான் நின்றது. ஏஜிஎம் பேட்டரி நிறைய வேண்டுமானால் 14.4 வோல்ட் அளவுக்குத் தேவைப்படும். ரிலே இருப்பதை அப்படியே கடத்துமே தவிர உயர்த்தித் தராது. அதனால் அடிலெய்டின் தென்பகுதியான லான்ஸ்டேலில் இயங்கும் ரெட்ஆர்க் நிறுவனத்தின் 25 ஆம்பியர் சார்ஜரைத் தேர்ந்தெடுத்தோம். ஆல்டர்னேட்டர், சூரிய மின்தகடு இரண்டையும் அது ஏற்பதும், சூரிய ஒளி கிடைக்கும்போது முதலில் அதைப் பயன்படுத்திக்கொண்டு குறையை மட்டும் ஆல்டர்னேட்டரிலிருந்து எடுப்பதும் அன்றாடத்தில் மிகவும் பயன்படுகின்றன. இரண்டு மணி நேரம் வண்டி ஓடினால் ஏறத்தாழ 50 ஆம்பியர்-மணி சேர்ந்துவிடுகிறது.

கேபிளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பலருடைய அமைப்பு பலவீனமாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன். இந்நாட்டுக் கடைகளில் 6 மில்லிமீட்டர் என்று விற்கப்படும் வாகன வயரில் அந்த அளவு மேலுறையையும் சேர்த்த குறுக்களவு. உள்ளே இருக்கும் செம்பின் பரப்பு ஏறக்குறைய 4.6 சதுர மில்லிமீட்டர்தான். முன்பக்க பேட்டரியிலிருந்து பின்பக்கச் சார்ஜர்வரை 5 மீட்டர் என்றால், போய்வர 10 மீட்டர். 25 ஆம்பியரை வெளியே கொடுக்கும் சார்ஜர் உள்ளே 30 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அந்த மெல்லிய வயரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே வெப்பமாக வீணாகிவிடும். நாங்கள் போட்ட 6 பி அண்ட் எஸ் (இது மில்லிமீட்டர் அன்று, கம்பியின் தடிமனைக் குறிக்கும் வேறோர் அளவுமுறை) கேபிளின் செம்புப் பரப்பு 13.5 சதுர மில்லிமீட்டர். அதில் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் அடங்குகிறது. நெகட்டிவ் இணைப்புக்கும் வண்டியின் உடலை நம்பாமல் அதே கேபிளையே பின்வரை இழுத்தோம்.

முன் பேட்டரியிலிருந்து சார்ஜருக்கு வரும் அந்த நீண்ட கேபிளிலும், சார்ஜரிலிருந்து இரண்டாவது பேட்டரிக்குப் போகும் கேபிளிலும், அந்தந்த பேட்டரிக்கு மிக அருகில், 40 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது. இரு பக்கமும் பேட்டரி இருப்பதால் ஒரு பக்கம் மட்டும் ஃபியூஸ் போடுவது போதாது; இன்ஜின் அறைத் தடுப்பில் உள்ள துளையின் விளிம்பிலோ வேறெங்கோ கேபிள் உராய்ந்து உறை கிழிந்தால், அந்தப் பக்கத்து பேட்டரி, ஃபியூஸ் இல்லாவிட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டி வண்டியையே எரித்துவிடக்கூடும். துளையில் ரப்பர் வளையமும், கேபிள் முழுவதும் நெளிகுழாயும் போட்டிருக்கிறோம். முனைகளில் ஈயம் வைத்துப் பற்றவைக்காமல் ஹைட்ராலிக் கருவியால் அழுத்திய லக்குகளை (கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையங்களை) பொருத்தினோம்; பற்றவைத்த இடம் விறைத்துப் போய், அதிர்வில் அதன் ஓரத்தில் இழைகள் முறியும். மாரீயிலிருந்து மார்லாவரை 600 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஊட்னடாட்டா மண்பாதையில் அலையலையாக எழும்பும் அதிர்வு எந்த நட்டையும் தளர்த்திவிடும். அப்படி ஒரு முறை ஃபியூஸ் தாங்கியின் நட்டு தளர்ந்து, அந்த இடம் சூடேறி நிறம் மாறியிருந்தது. சார்ஜ் ஏறும் அளவு குறைந்ததை, மின்னோட்டத்தை அளக்கும் ஷண்ட் காட்டியதால்தான் அது உடனே தெரிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு நீண்ட மண்பாதைக்குப் பின்னும் எல்லா இணைப்புகளையும் ஸ்பேனரால் சோதிப்பது வழக்கமாகிவிட்டது.

ஏஜிஎம் பேட்டரி முதல் இரண்டு கோடைகளில் குறையின்றி உழைத்தது. அடுத்த கோடையில் அதன் கொள்ளளவு தெளிவாகக் குறைந்தது. கடைசி 20 சதவீதத்தை நிரப்ப அதற்குப் பல மணி நேரம் வேண்டும்; ஒரு முகாமிலிருந்து அடுத்ததற்கு ஓரிரு மணி நேரம் மட்டுமே ஓட்டும் எங்களைப் போன்றவர்களிடம் அது முழுமையாக நிறைவதே இல்லை. நிறையாமல் கிடக்கும் ஈய பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டிப்படுகிறது. லித்தியம் பேட்டரி ஏறக்குறைய நிறையும்வரை முழு 25 ஆம்பியரையும் ஏற்றுக்கொள்கிறது. அரைகுறையாக இருப்பதால் அதற்குக் கேடும் இல்லை. எடையும் 30 கிலோவிலிருந்து 12 கிலோவாக இறங்கியது. சார்ஜரில் ஒரு வயரின் இணைப்பை மாற்றியதே போதுமாக இருந்தது. கேபிளோ ஃபியூஸோ எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

லித்தியத்துக்கும் நிபந்தனைகள் உண்டு. இன்ஜின் அறையின் வெப்பத்தை அது தாங்காது என்பதால் சரக்குப் பகுதியில், வண்டியின் உடலோடு போல்ட் செய்த இரும்புத் தட்டில் இருக்கிறது. விபத்தில் 12 கிலோ எடை முன்னோக்கிப் பாயாமலிருக்க வார்ப்பட்டை மட்டும் போதாது. உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. விக்டோரியாவின் மலைப்பகுதியில் ஜூலை மாதக் காலைகளில், பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று சார்ஜை மறுத்துவிடும். வண்டிக்குள் ஹீட்டரால் சூடு பரவிய பிறகே ஏற்கத் தொடங்கும். அதுவரை ஃபிரிட்ஜ் தடையின்றி ஓடும். மேலும், 90 சதவீதத்திலிருந்து 30 சதவீதத்துக்கு இறங்கும்போது அதன் வோல்டேஜில் தெரியும் வேறுபாடு பத்தில் மூன்று நான்கு பங்கு வோல்ட்தான். வோல்ட்மீட்டரை வைத்து இருப்பை அறிய முடியாது. செல்வதையும் வருவதையும் எண்ணும் ஷண்ட் இன்றியமையாதது. எல்லா நெகட்டிவ் இணைப்புகளும் அதன் வழியாகவே போக வேண்டும்.

சூரிய மின்தகட்டைக் கூரையில் பொருத்தாமல், மடித்து வைக்கக்கூடிய 160 வாட் தகட்டை ஆண்டர்சன் இணைப்பானுடன் வைத்திருப்பது எங்களுக்கு ஒத்துவந்தது. வண்டியை நிழலில் நிறுத்தித் தகட்டை வெயிலில் விரித்தால் ஃபிரிட்ஜின் உழைப்பும் குறைகிறது, நல்ல வெயிலில் 8 ஆம்பியர் அளவுக்குக் கிடைக்கவும் செய்கிறது. ஓடைக்கரைகளில் நிற்கும் ரிவர் ரெட் கம் மரத்தின் நிழலை மட்டும் தவிர்த்துவிடுகிறோம். அதன் பெருங்கிளைகள் காற்றில்லாத நாளிலும் முறிந்து விழும்.

புதிய வண்டி வைத்திருப்பவர்கள் எதையும் வாங்குமுன், இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஓட்டத்தில், பேட்டரி முனைகளில் வோல்டேஜை அளந்து பார்க்க வேண்டும். எரிபொருளைச் சேமிப்பதற்காக வண்டியின் கணினியே ஆல்டர்னேட்டரின் வோல்டேஜை 13-க்கும் கீழே இறக்கிவிடும் மாடல்களில், வோல்டேஜைப் பார்த்து இயங்கும் ரிலே நடுவழியில் பிரிந்துவிடும். அவற்றுக்கு டிசி-டிசி சார்ஜர்தான் பொருந்தும். அதை விழிக்கச் செய்யும் சிக்னலையும் இக்னிஷனிலிருந்து தனி வயர் மூலம் எடுக்க வேண்டும்.