கே.ஆர்.பி. அணை ஞாயிறு ஓட்டப் பயிற்சி: பி.டி. சாருக்கு 70 வயது

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி போகும் நெடுஞ்சாலையில், அவதானப்பட்டி ஏரியைத் தாண்டி கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்டம்) அணைக்குத் திரும்பும் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை 5 மணிக்கு ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் நிற்கும். முன்னால் 20 லிட்டர் தண்ணீர் கேன், ஹேண்டில்பாரில் ஒரு துணிப்பை. வண்டிக்காரர் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர், ஊருக்கே பி.டி. சார். இந்த மாதம் அவருக்கு 70 நிறைகிறது. நெடுந்தூர ஓட்டம் கற்றுக்கொள்ள இந்த இரண்டு மாவட்டத்தில் யாரிடம் போகலாம் என்று கேட்பவர்களுக்கு நாங்கள் கைகாட்டுவது இவரைத்தான். அவரிடம் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

கட்டணம் வாங்குவதில்லை. கேன் காசை வந்தவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள்.

முதல் நாள் ஓட விடமாட்டார். ஷூவைக் கழற்றச் சொல்லி அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார். பிறகு போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லி, நீளமான விரலுக்கு முன்னால் தன் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி இல்லையென்றால் அந்த ஷூவில் 10 கிலோமீட்டருக்கு மேல் ஓடக் கூடாது. ஓட ஓடப் பாதம் வீங்கும், இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடிக்கும், நகம் கறுத்து ஒரு மாதத்தில் கழன்றுவிடும். ஷூவைச் சாயங்காலம் வாங்கச் சொல்வதும் இதனால்தான். காலையில் சரியாக இருந்த அளவு மாலையில் இறுகும். குதிகால் மேலும் கீழும் வழுக்கினால் லேஸை வேறு மாதிரி கட்டிவிடுவார். கடைசித் துளையில் லேஸை அதே பக்கமே திருப்பி நுழைத்துச் சின்ன வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்தால் குதிகால் அசையாது. 500 முதல் 800 கிலோமீட்டரில் நடு மெத்தை செத்துவிடும். மேல்பக்கம் புதுசாகத் தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான். பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொப்புளம் போடும், அதனால் செயற்கை இழை சாக்ஸ்தான். தொடை இடுக்கு, அக்குள், ஆண்களுக்கு மார்புக் காம்பு ஆகிய இடங்களில் வாசலின் தடவாமல் 15 கிலோமீட்டர் ஓடினால் குளிக்கும்போது தெரியும்.

அவர் பயிற்சியின் உயிர்நாடி மெதுவாக ஓடுவது. இந்த வட்டாரத்தில் ஓட ஆரம்பித்துப் பாதியில் விடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் விடுவதற்குக் காரணம் முதல் மாதத்து வேகம்தான். நுரையீரலும் இதயமும் சில வாரத்தில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு தாங்குகிறதே என்று தூரத்தைக் கூட்டினால் முன்னங்கால் எலும்பு ஓரம் வலிக்க ஆரம்பிக்கும், அல்லது காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது குதிகாலில் ஊசி குத்தும். அவர் கொடுக்கும் அட்டவணை இதுதான்: முதல் இரண்டு வாரம் 2 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை, மொத்தம் 30 நிமிடம். மூன்றாவது வாரத்திலிருந்து 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. அதன்பின் ஞாயிறு தூரத்தில் வாரம் 1 கிலோமீட்டர் மட்டும் ஏற்றம். நான்காவது வாரம் வந்தால் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுவார். அந்த வாரத்தில்தான் உடம்பு கட்டிக்கொள்கிறது.

முதல் 8 வாரம் கைக்கடிகாரம் கூடாது. வேகம் சரியா என்று அவர் பார்க்கும் விதம் வேறு. பக்கத்தில் ஓடிக்கொண்டே, "நேத்து ராத்திரி வீட்டுல என்ன குழம்பு கண்ணு?" என்பார். "கத்திரிக்காய் புளிக்குழம்பு வெச்சாங்க சார், கூட அப்பளம்" என்று முழு வாக்கியமாகப் பதில் வந்தால் ஓடலாம். "புளிக்..." என்று பாதியில் மூச்சு முட்டினால் அந்த இடத்திலேயே நடை. இதயத்துடிப்பு காட்டும் கருவிகளை நாங்கள் பலவிதமாகப் பார்த்தாயிற்று. புதிதாக ஓடுகிறவர்களுக்கு இந்தக் குழம்புக் கேள்விக்கு நிகராக எதுவும் இல்லை. இன்னொன்று, அவர் எப்போதும் கடைசி ஆளோடுதான் ஓடுவார். முழு மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரைப் பலமுறை ஓடி முடித்தவர், கிலோமீட்டருக்கு 9 நிமிடம் எடுக்கும் ஒருவர் கூடவே முகம் சுளிக்காமல் வருவார். வந்தவர்கள் அடுத்த வாரமும் வருவதற்கு இது ஒன்றே போதும்.

பாதையைத் தேர்ந்திருப்பதிலும் அனுபவம் தெரிகிறது. தார்ச்சாலை நடுவில் உயர்ந்து ஓரம் சரிந்திருக்கும். ஒரே ஓரத்தில் 12 கிலோமீட்டர் ஓடினால் தாழ்ந்த பக்க முட்டியும் இடுப்பும் வலிக்கும். அதனால் பாதித் தூரத்தைக் கால்வாய்க் கரை மண்பாதையில் வைத்திருக்கிறார். சாலையில் வரும்போது எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரத்தில்தான் ஓட வேண்டும், ஒளிரும் மேலங்கி கட்டாயம். நாய் குரைத்தால் நின்று நடக்க வேண்டும், ஓடினால் துரத்தும். அணையில் தண்ணீர் 52 அடியை நெருங்கி உபரி நீர் திறக்கும் நாட்களில் கீழே தரைப்பாலம் மூழ்கிவிடும். அன்றைக்குப் பாதை மாறும் என்பதால் முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் அவர் கெடுபிடி. ஓடும் முன்பும் பின்பும் எடை பார்க்கச் சொல்வார். 1 கிலோ குறைந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் வியர்வை போயிருக்கிறது என்று கணக்கு. எடை கூடியிருந்தால்தான் உண்மையில் கவலைப்படுவார். தாகம் இல்லாமல் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துக்கொண்டே ஓடினால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் வரை போகும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுக்கு, அதாவது பெரிய பாக்கெட் என்றால் முழு 1 லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கரைத்தால் வயிற்றைக் கலக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுபவர்களுக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. துணிப்பையில் இருப்பது அந்தப் பழங்கள்தான். களியும் கீரையும் முந்தின நாள் மதியத்தோடு நிறுத்தி, ராத்திரி இட்லியோ சோறோ சாப்பிடச் சொல்கிறார். நார்ச்சத்து அதிகமானால் 6-ஆவது கிலோமீட்டரில் புதரைத் தேட வேண்டிவரும். சீசனில் மாம்பழமும் அப்படித்தான், ஓட்டம் முடிந்த பிறகு எத்தனை வேண்டுமானாலும் சாப்பிடலாம்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். வலியும் மறைந்து காயம் பெரிதாகும். 40 தாண்டியவர்கள், சர்க்கரையோ பிரஷரோ இருப்பவர்கள் மருத்துவரைப் பார்த்து, அவர் சொன்னால் டிரெட்மில் பரிசோதனையும் செய்துகொண்டு வர வேண்டும். நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ வலி என்றால் அந்த நிமிடமே நிற்க வேண்டும். இதை ஒவ்வொரு வாரமும் ஓட்டம் தொடங்கும் முன் சொல்கிறார், ஒரு வாரம்கூட விட்டதில்லை.

வயதானவர்களுக்குத் தனிக் கவனம் உண்டு. 89 வயதில் லண்டனில் முதல் மாரத்தான் ஓடி, 2011-இல் டொரொன்டோவில் 100 வயதில் இன்னொன்றை முடித்த ஃபௌஜா சிங்கையும், 72 வயதில் 3 மணி நேரத்துக்குள் மாரத்தானை முடித்த கனடாவின் எட் விட்லாக்கையும் அடிக்கடி சொல்வார். சொல்லிவிட்டு, இளையவர்களுக்கு ஒரு நாள் போதும் என்ற இடத்தில் 60 தாண்டியவர்களுக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுப்பார். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்து இரண்டு காலால் எழும்பி, ஒற்றைக் காலால் மெதுவாக மூன்று எண்ணும் வரை இறங்குவது அவர் சொல்லும் முக்கியப் பயிற்சி. ஒரு காலுக்கு 15 முறை வீதம் மூன்று சுற்று. கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் தளராமல் இருக்க, தானும் வாரம் இரண்டு நாள் இதைச் செய்கிறார்.

குறைகளும் இருக்கின்றன. வேகப் பயிற்சி சொல்லித்தர மாட்டார். 10 கிலோமீட்டரை 45 நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்று வருபவர்களுக்கு இது இடமில்லை. அந்த நேரத்தில் கழிப்பறை எதுவும் திறந்திருக்காது. பெண்களுக்கு இது பெரிய சிரமம், இதற்கு வழி பார்க்க வேண்டும் என்று அவரிடமே சொல்லியிருக்கிறோம். பஸ்ஸை நம்ப முடியாது, சொந்த வண்டி தேவை. 7:30-க்கு மேல் நிழல் குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் 4:30-க்கே ஆரம்பித்துவிடுவார், தாமதமாக வந்தால் காத்திருக்க மாட்டார்.

மாதக் கடைசி ஞாயிறு அவருக்காக 70 நிமிட ஓட்டம். எவ்வளவு தூரம் என்று யாரும் அளக்கப்போவதில்லை, நடந்தும் வரலாம். கேக் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மோர் கலந்த கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும் இருக்கும். பேப்பர் கப் அவருக்குப் பிடிக்காது, டம்ளர் கொண்டு வாருங்கள்.