ஹெல்மெட்டுக்கு எந்த ரிஃப்ளெக்டிவ் டேப் பொருந்தும்?

ஹெல்மெட்டில் ரிஃப்ளெக்டிவ் டேப் ஒட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எது அதிகமாக மின்னும்?" என்றுதான். லாரியின் பின்பக்கத்துக்கு அது சரியான கேள்வி. ஹெல்மெட்டில் தட்டையான இடம் என்று ஒன்று கிடையாது, எங்கே தொட்டாலும் மேலும் கீழும் வளைகிறது, பக்கவாட்டிலும் வளைகிறது. அதனால் அந்த வளைவில் எது சுருக்கம் விழாமல் படியும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மினுமினுப்பு அதற்கு அடுத்தபடிதான்.

சந்தையில் உள்ளவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்றில் மிக நுண்ணிய கண்ணாடி மணிகள் பதிந்திருக்கும். மணிக்குள் நுழையும் வெளிச்சம் பின்னால் இருக்கும் பளபளப்பான பரப்பில் பட்டு, வந்த திசைக்கே திரும்பும். இன்னொன்றில் மணிகளுக்குப் பதிலாக, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கொண்ட நுண்ணிய மூலைகள் வரிசையாக அச்சாகியிருக்கும். இது பட்டக (பிரிசம்) வகை, கிட்டத்தில் பார்த்தால் தேன்கூடு அல்லது வைரக் கட்டம் போலத் தெரியும். இரண்டுமே, வெளிச்சம் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்புபவை. அதனால்தான் பின்னால் வரும் காரின் ஹெட்லைட் வெளிச்சம் அந்த ஓட்டுநரின் கண்ணுக்கே போய்ச் சேருகிறது.

வெளிச்சத்தில் மட்டும் போட்டி வைத்தால் பட்டக வகைதான் ஜெயிக்கும். சாலைப் பலகைகளுக்கான ஏஎஸ்டிஎம் டி4956 என்ற அமெரிக்கத் தரத்தில், முதல் வகை எனப்படும் சாதாரண மணி வகையின் வெள்ளை நிறத்துக்குக் குறைந்தபட்ச அளவு 70. பட்டக வகைகளில் ஒன்றான நான்காம் வகையின் வெள்ளைக்கு 360. ஒரு லக்ஸ் வெளிச்சம் விழுந்தால், ஒரு சதுர மீட்டர் டேப் இத்தனை கேண்டெலா ஒளியைத் திருப்புகிறது என்று அளக்கிறார்கள். எண் கூடினால் மினுமினுப்பும் கூடும். ஐந்து மடங்கு வித்தியாசம். இதைப் பார்த்ததும் பலரும் லாரிக்கு ஒட்டும் சிவப்பு வெள்ளைப் பட்டையை வாங்கி ஹெல்மெட்டைச் சுற்றி ஒட்டிவிடுகிறார்கள்.

அங்கேதான் சிக்கல். அந்தப் பட்டை தடிமனானது, விறைப்பானது, தட்டையான தகட்டுக்காகச் செய்தது. ஹெல்மெட்டில் நீளமாக ஒட்டினால் நடுப்பகுதி பிடித்துக்கொள்ளும், ஓரம் தூக்கிக்கொள்ளும். இழுத்து ஒட்டலாம் என்றால் அது நீளவே நீளாது. அப்புறம், பல பட்டக டேப்புகளில் பட்டகங்களுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய காற்றிடைவெளிதான் வெளிச்சத்தைத் திருப்புகிறது. கத்தரித்த ஓரம் வழியாக அந்த இடைவெளியில் தண்ணீர் புகுந்தால், புகுந்த கட்டங்கள் மங்கிவிடும். பின்னால் உலோகப் பூச்சு உள்ள பட்டக டேப்பில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதிலும் விறைப்பு இருக்கும்.

மணி பதித்த மெல்லிய வினைல் படம் இங்கே முன்னுக்கு வருகிறது. 3எம் நிறுவனத்தின் 680 வரிசை இந்த ரகம். வண்டிகளில் ஒட்டவே செய்தது. லேசாகச் சூடு காட்டினால் இழுபட்டு வளைவோடு படியும். ஹெட்லைட் நேராகப் படாமல் சாய்வாகப் படும்போதும் மணிகள் ஓரளவு வேலை செய்யும். ஹெல்மெட்டில் எப்போதும் ஒரு பகுதிதான் விளக்குக்கு நேராக இருக்கும், மற்றவை சாய்ந்தே நிற்கும். எனவே காகிதத்தில் உள்ள ஐந்து மடங்கு, வளைந்த ஓட்டில் அப்படியே கிடைக்காது.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். சுற்றிலும் வெள்ளை மணி வகைப் படம், பின்பக்கம் மட்டும் பட்டக டேப்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஒட்டுவது. பின்னாலிருந்து வரும் வண்டியின் ஹெட்லைட் நேராகவே படுகிறது, பட்டகத்தின் முழு பலமும் அங்கேதான் பயன்படும். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் துண்டு வேண்டாம். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மையான மூலைதான் முதலில் உரியும்.

ஜாக்கெட்டில் தைக்கும் சாம்பல் நிறத் துணிப் பட்டையை ஹெல்மெட்டில் ஒட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் மணிகள் திறந்தே இருக்கின்றன. மேலே தண்ணீர் படிந்ததும் ஒளி வளையும் கணக்கு மாறிப்போய், பிரதிபலிப்பு விழுந்துவிடும். மழை இரவில்தானே நமக்கு அது அதிகம் தேவை? மணிகள் மேல் தெளிவான படலம் மூடியிருக்கும் வினைல் வகை நனைந்தாலும் வேலை செய்யும்.

நிறத்தில் பலர் கவனம் வைப்பதில்லை. அதே முதல் வகையில் வெள்ளைக்கு 70 என்றால் மஞ்சளுக்கு 50, சிவப்புக்கு 14, நீலத்துக்கு வெறும் 4. அழகுக்காக நீலப் பட்டை ஒட்டுபவர், வெள்ளையில் கிடைப்பதில் பதினேழில் ஒரு பங்கைத்தான் வாங்குகிறார். கறுப்பு ரிஃப்ளெக்டிவ் என்று ஒன்று உண்டு. பகலில் சாதாரணக் கறுப்பாக இருக்கும், ஹெட்லைட் பட்டால் வெண்மையாகத் திரும்பும். வெள்ளையோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவுதான். ஆனாலும் கறுப்பு ஹெல்மெட்டின் தோற்றம் கெடும் என்பதற்காக ஒன்றுமே ஒட்டாமல் இருப்பவருக்கு, இதையாவது ஒட்டுங்கள் என்று மனதாரச் சொல்வேன். பரப்பளவைக் கூட்டி ஒட்டினால் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டலாம். சிவப்பை முன்பக்கம் வைக்காதீர்கள். எதிரே வருபவருக்கு அது ஏதோ வண்டியின் பின்பக்கம் போலத் தெரியும்.

இருட்டில் தானாக ஒளிரும் டேப்பை இந்தப் போட்டியிலேயே சேர்க்கக் கூடாது. ஹெட்லைட் வெளிச்சத்துக்கு முன்னால் அதன் பச்சை ஒளி ஒன்றுமே இல்லை. ரிஃப்ளெக்டிவ் ஸ்பிரேயும் வேண்டாம். பலன் குறைவு, அதிலுள்ள கரைப்பான் ஹெல்மெட் ஓட்டுக்கு ஆகாது.

ஹெல்மெட்டின் ஓடு பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். பாலிகார்பனேட் ஓடு கரைப்பான்களுக்குப் பயந்தது. பெயிண்ட் தின்னர், பெட்ரோல், அசிட்டோன் பட்டால் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் வரலாம், அடிபடும் நேரத்தில் ஓடு தாங்காமல் போகலாம். அதனால்தான் சில தயாரிப்பாளர்கள் ஸ்டிக்கரே ஒட்டக் கூடாது என்று கையேட்டில் எழுதுகிறார்கள். உங்கள் ஹெல்மெட்டின் கையேடு அப்படிச் சொன்னால் ஓட்டைத் தொடாமல், ரிஃப்ளெக்டிவ் ஜாக்கெட்டுக்குப் போவதே நல்லது. ஃபைபர் ஓடு இதில் அவ்வளவு மென்மையானதல்ல. எந்த ஓடாக இருந்தாலும் ஒட்டுமுன் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துக் காயவைத்தால் போதும். பழைய பசையை எடுக்கவும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பொறுமையும்தான். காற்றுத்துளை, வைசர் சுழலும் இடம், சான்று முத்திரை ஆகியவற்றை மூடாதீர்கள்.

எங்கே ஒட்டுவது என்பதற்கு பிரான்சின் சட்டம் நல்ல வழிகாட்டி. அங்கே ஹெல்மெட்டின் முன், பின், இடம், வலம் என நான்கு பக்கமும் ரிஃப்ளெக்டிவ் ஸ்டிக்கர் கட்டாயம். ஆனால் நான்கு பக்கமும் ஒரே பலன் தராது. குறுக்குச் சாலையிலிருந்து வரும் காரின் ஹெட்லைட், நீங்கள் அதன் முன்னால் வந்த பிறகுதான் உங்கள் மேல் படும். டிம் வெளிச்சம் கீழ்நோக்கி விழுவதால் ஹெல்மெட் உயரத்துக்கு வருவதும் குறைவு. லாரி ஓட்டுநரோ தன் ஹெட்லைட்டுக்கு வெகு மேலே உட்கார்ந்திருக்கிறார். விளக்கை நோக்கித் திரும்பும் ஒளியில் சிறிது பங்குதான் அவர் கண்ணை எட்டும். இதனால்தான் சின்னச் சின்ன ஸ்டிக்கராக நாலு ஒட்டுவதைவிடப் பின்பக்கம் துண்டுகளை அடுத்தடுத்து வைத்து நல்ல அகலமாக ஒட்டச் சொல்கிறேன்.

பகலில் இந்த டேப் எதுவும் பெரிதாக உதவாது. அங்கே ஹெல்மெட்டின் நிறம்தான் பேசும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த, 2004இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வில், கறுப்பு ஹெல்மெட் அணிந்தவர்களைவிட வெள்ளை ஹெல்மெட் அணிந்தவர்களுக்கு விபத்தில் காயப்படும் அபாயம் 24 சதவீதம் குறைவாக இருந்தது. ரிஃப்ளெக்டிவ் அல்லது ஃப்ளோரசன்ட் உடை அணிந்தவர்களுக்கு 37 சதவீதம் குறைவு. அடுத்த ஹெல்மெட் வாங்கும்போது வெள்ளையாக வாங்குங்கள், டேப்பை அதன்மேல் ஒட்டுங்கள்.

ஒட்டியதும் ஒரு நாள் மழையில் நனைக்காமல் வைத்திருங்கள், பசை இறுக நேரம் வேண்டும். பிறகு இருட்டில் ஒருவரை ஹெல்மெட் போட்டு நிற்கச் சொல்லி, முப்பது அடி தள்ளி நின்று, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இடுப்பில் பிடித்தால் உண்மை நிலவரம் தெரியாது. அவரை மெதுவாகத் திரும்பச் சொன்னால் எந்தக் கோணத்தில் இருண்டு போகிறது என்று தெரியும், அடுத்த துண்டு அங்கே. மாதம் ஒருமுறை ஓரங்களைத் தடவிப் பார்க்கவும். தூக்கியிருக்கும் துண்டை அழுத்திவிட்டுப் பயனில்லை, அடியில் தூசி ஏறியிருக்கும். உரித்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டியதுதான்.